சர்ச் ஹாலில் ஸ்கவுட்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் வந்தால் போதும், எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கும்: ஸ்கவுட்டில் சேர வாருங்கள், திங்கள் மாலை ஏழு மணி. கீழே ஒரு மெதடிஸ்ட் சர்ச்சின் முகவரி இருக்கும். "அங்கே எதுக்குங்க சர்ச்?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

மேரிலாந்தில் எங்கள் மகன் ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினெட்டு வயது வரை அப்படியொரு சர்ச் ஹாலில்தான் வளர்ந்தான். அந்த ட்ரூப்பின், அதாவது ஸ்கவுட் குழுவின், கமிட்டியில் நான் ஆறு வருஷம் பொருளாளராக இருந்தேன். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கவுட் கூட்டம் ஏன் சர்ச்சில் நடக்கிறது?

நம் ஊரில் சாரணர் என்றால் பள்ளிக்கூடம். சீருடை, கழுத்துத் துணி, விளையாட்டு மைதானத்தில் கயிறு முடிச்சு, சாரண ஆசிரியராகப் பெரும்பாலும் பி.டி. வாத்தியார். அதனால்தான் சர்ச் முகவரியைப் பார்த்ததும் நமக்குக் குழப்பம் வருகிறது.

அமெரிக்காவில் ஏற்பாடு வேறு. தேசிய ஸ்கவுட் அமைப்பு எந்த ட்ரூப்பையும் நேரடியாக நடத்துவதில்லை. ஒரு சர்ச்சோ, லயன்ஸ் கிளப் மாதிரியான சங்கமோ, தீயணைப்பு நிலையமோ "நாங்கள் நடத்துகிறோம்" என்று முன்வந்தால் அதற்கு ஓர் உரிமம் கொடுக்கும். அதுதான் சார்ட்டர். அதை வாங்கிய சர்ச்தான் சட்டப்படி ட்ரூப்பின் சொந்தக்காரர். ஸ்கவுட்மாஸ்டர் யார் என்பதை ஒப்புக்கொள்வது சர்ச்சின் பிரதிநிதி. ட்ரூப் வாங்கிய கூடாரமும் வங்கியில் இருக்கும் பணமும்கூடக் காகிதத்தில் சர்ச்சுடையவை. பொருளாளரான முதல் மாதம் இதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இந்த உறவு பழையது. 1883-ல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், வகுப்பில் அடங்காத பையன்களை என்ன செய்வது என்று யோசித்து, அவர்களை அணிவகுக்க வைத்து பாய்ஸ் பிரிகேடைத் தொடங்கினார். ஸ்கவுட் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமுக்கு வந்த பையன்களில் ஒரு பகுதியினர் அந்த பிரிகேடைச் சேர்ந்தவர்கள். 1910-ல் வில்லியம் பாய்ஸ் என்ற பத்திரிகை அதிபர் அமெரிக்காவில் இயக்கத்தைப் பதிவு செய்தபோது, அதற்கு வேண்டிய எல்லாம் சர்ச்சுகளிடம் தயாராக இருந்தன: ஞாயிறு மட்டும் நிரம்பும் ஹால், பெரிய சமையலறை, சாமான் போட ஒரு ஸ்டோர் ரூம்.

நடைமுறையில் எங்கள் சர்ச் எங்களுக்குக் கொடுத்தது ஒரு சாவியும் அலாரத்தின் ரகசிய எண்ணும்தான். மற்றதெல்லாம் பெற்றோர் வேலை.

அப்புறம், பெயர். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயர் 2025 பிப்ரவரி 8 முதல் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறியிருக்கிறது. அமைப்பு அதேதான்.

நாங்கள் இந்துக்கள். பிள்ளையை மதம் மாற்றப் பார்ப்பார்களா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஊரிலிருந்து பேசும் மாமியார் நேராகவே கேட்டுவிடுவார். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை.

எழுதப்பட்ட விதி தெளிவாக இருக்கிறது. ட்ரூப் ஒரு சர்ச்சோடு சேர்ந்திருந்தாலும், அந்த சர்ச்சுக்கே உரிய வழிபாட்டில் வேறு மதப் பிள்ளை கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மதப் போதனை வீட்டுக்கும் அவரவர் கோயிலுக்கும் உரிய வேலை, அதில் ஸ்கவுட் எந்தப் பக்கமும் சாராது என்பது அமைப்பின் கொள்கை.

அதற்காகக் கடவுள் பெயரே காதில் விழாது என்று நினைக்காதீர்கள். உறுதிமொழியில் "கடவுளுக்கும் என் நாட்டுக்கும் என் கடமை" என்று வரும். ஸ்கவுட் சட்டத்தின் பன்னிரண்டு குணங்களில் கடைசி, இறைபக்தி. கேம்ப்பில் சாப்பிடும் முன் ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார்கள். எங்கள் ட்ரூப்பில் சொன்னது நியூ மெக்சிகோவின் பில்மான்ட் ஸ்கவுட் பண்ணையிலிருந்து பரவிய ஒன்று. உணவுக்கும் உடைக்கும் நட்புக்கும் இறைவனுக்கு நன்றி சொல்லி நான்கு வரியில் முடிந்துவிடும், எந்த மதத்தின் பெயரும் வராது. ஒரு முறை பெரியவர் ஒருவர் "இயேசுவின் நாமத்தில்" என்று முடித்தார். அடுத்த கமிட்டி கூட்டத்தில் சொன்னேன். அவருக்கு அது உறைக்கவே இல்லை, வீட்டுப் பழக்கத்தில் வந்துவிட்டது என்றார். அதன்பின் பிரார்த்தனையைப் பிள்ளைகளே முறை வைத்துச் சொன்னார்கள். என் மகன் தன் முறை வந்தபோது "அன்னபூர்ணே"வின் முதல் இரண்டு வரியைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பொருளும் சொன்னான். அடுத்த கேம்ப்பில் பையன்கள் "அந்தச் சாப்பாட்டுப் பாட்டைப் பாடு" என்று கேட்டதாகக் கேள்வி.

பிப்ரவரியில், அமைப்பு தொடங்கிய எட்டாம் தேதியை ஒட்டி, ஸ்கவுட் ஞாயிறு வரும். பிள்ளைகள் சீருடையில் சர்ச் ஆராதனைக்குப் போய் வாசலில் வரவேற்பார்கள், கொடி பிடிப்பார்கள். போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாங்கள் சில வருஷம் போனோம், இடம் கொடுத்தவர்களுக்கு ஒரு மரியாதை என்று. நற்கருணை நேரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போகாத வருஷமும் யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு மதத்துக்கும் தனி விருதும் உண்டு. இந்துப் பிள்ளைகளுக்கு தர்மா, கர்மா என்று வயதுக்கு ஏற்ப இரண்டு இருக்கின்றன. எதை வாங்கினாலும் சீருடையில் தைக்கும் முடிச்சு வடிவச் சின்னம் ஒன்றேதான்: ஊதா நிறத்தில் வெள்ளி முடிச்சு. கத்தோலிக்கப் பையனும் முஸ்லிம் பையனும் என் மகனும் ஒரே முடிச்சைத்தான் குத்தியிருந்தார்கள்.

சிக்கல் வருவது கடவுள் நம்பிக்கையே இல்லாத வீட்டுக்குத்தான். பகுத்தறிவுக் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், விண்ணப்பத்தில் பெரியவர்கள் ஏற்க வேண்டிய மதக் கொள்கை வாசகத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டார். அவர் செய்ததில் தப்பில்லை. அந்த வாசகத்தை முதலிலேயே படித்துப் பாருங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், சி.எஸ்.ஐ. பிள்ளை விசுவாசத்தில் வளர இது உதவுமா?

ஓரளவுக்கு. வாராந்தரக் கூட்டத்தில் வேதாகமம் திறக்க மாட்டார்கள். ஞாயிறு பள்ளிக்கு மாற்று என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கு வகுப்பு வாரியாக நான்கு கட்டப் பாடத்திட்டம் தனியாக உண்டு, உங்கள் பாஸ்டரோடு சேர்ந்து முடிக்கலாம். கத்தோலிக்கர்களுக்கும் தனி வரிசை இருக்கிறது.

முழுக்க முழுக்க மத அடிப்படையிலான ஸ்கவுட் போன்ற அமைப்புகள் எவை?

துண்டுச் சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் கவனித்துக்கொள்ளுங்கள். ராயல் ரேஞ்சர்ஸ், அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1962-ல் தொடங்கியது. பாத்ஃபைண்டர்ஸ், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையுடையது, 1950 முதல் உலகம் முழுக்க நடக்கிறது, நம் ஊர் அட்வென்டிஸ்ட் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்கன் ஹெரிடேஜ் கேர்ள்ஸ் 1995-ல் ஒஹாயோவில் பிறந்தது. ட்ரெயில் லைஃப், பாய் ஸ்கவுட்ஸ் 2013-ல் தன்பாலீர்ப்புள்ள பையன்களைச் சேர்க்க முடிவெடுத்தபோது அதை ஏற்காதவர்கள் பிரிந்து போய் உண்டாக்கியது.

இவற்றிலும் கூடாரம், முடிச்சு, பேட்ஜ், ஊருக்கு உழைப்பது எல்லாம் உண்டு. நல்ல முறையில் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கிறிஸ்தவப் போதனைதான் பாடத்திட்டத்தின் நடு. அதைத் தெரிந்து சேர்ப்பது வேறு, "எல்லாம் ஸ்கவுட்தானே" என்று சேர்த்துவிட்டு ஆறு மாதம் கழித்து எனக்குப் போன் செய்வது வேறு.

மார்மன் சர்ச் ஸ்கவுட்டை விட்டுப் போய்விட்டதாமே?

ஆமாம். 1913-லேயே சேர்ந்த சபை அது, நாட்டிலேயே அதிக ஸ்கவுட்டுகளை வைத்திருந்ததும் அதுதான். 2018 மே மாதம் விலகுவதாக அறிவித்து, 2019 டிசம்பர் 31-உடன் விலகியது. இப்போது பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு திட்டம் நடத்துகிறது. யூட்டா பக்கம் குடியேறியவர்கள் "எங்கள் ஊரில் ட்ரூப்பே கண்ணில் படவில்லையே" என்பதற்கு இது பெரிய காரணம்.

பாதுகாப்பு எப்படி? செய்திகளில் படித்தது பயமாக இருக்கிறது.

பயப்படத்தான் வேண்டும். 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு போட்டது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டவர்கள் கோரிக்கை வைத்தார்கள். 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டத்தோடு 2023 ஏப்ரலில்தான் அந்த வழக்கிலிருந்து வெளியே வந்தது. சார்ட்டர் வைத்திருந்த சர்ச்சுகளும் இதில் மாட்டின, யுனைடெட் மெதடிஸ்ட் சபை தன் பங்காக 3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இதை மறைத்துவிட்டு "நல்ல இயக்கம், சேருங்க" என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு கேட்காதீர்கள்.

இன்றைய விதிகள் கடுமையானவை. எந்த நிகழ்ச்சியிலும் 21 வயது நிறைந்த, பதிவு செய்த பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கவே கூடாது. காரில் கொண்டு விடுவதற்கும் இதே விதி, போனில் செய்தி அனுப்புவதற்கும் இதே விதி. ஸ்கவுட்மாஸ்டர் உங்கள் மகனுக்குத் தனியாக மெசேஜ் போட முடியாது, பெற்றோரோ இன்னொரு தலைவரோ அதில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பெரியவர்களின் குற்றப் பின்னணி பார்க்கப்படும். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவர் பொறுப்புக்கு வர முடியாது. கேம்ப்பில் ட்ரூப் பிள்ளைகளும் பெரியவர்களும் தனித்தனிக் கூடாரத்தில்தான் படுக்க வேண்டும், சிறு பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட்டில் மட்டும் பெற்றோர் தம் சொந்தப் பிள்ளையோடு படுக்கலாம். பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் தலைவர் ஒருவர் கட்டாயம்.

விதி காகிதத்தில் இருக்கிறது, நடத்துவது அந்த ஹாலில் இருக்கும் பத்துப் பேர். நாங்கள் முதலில் பார்க்கப் போன இடத்தில் ஒரே ஒரு ஆள் ஆறு சின்னப் பிள்ளைகளைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனார். "இன்னொருவர் வேண்டாமா?" என்று கேட்டதற்கு "எல்லாம் தெரிஞ்சவங்கதான்" என்று சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, வேறு இடம் தேடினோம். அந்தப் பாதுகாப்புப் பயிற்சி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களும் உட்கார்ந்து முடித்துவிடுங்கள், அப்புறம் என்ன கேட்க வேண்டும் என்று தானாகத் தெரியும்.

எங்கள் சர்ச் சார்ட்டரைப் புதுப்பிக்க மாட்டோம் என்கிறது. ட்ரூப் மூடப்படுமா?

அவசியம் இல்லை. திவால் வழக்குக்குப் பின் பல மெதடிஸ்ட் சர்ச்சுகள் சொந்தக்காரர் என்ற பொறுப்பு வேண்டாம் என்று முடிவு செய்தன. சார்ட்டரை உள்ளூர் ஸ்கவுட் கவுன்சில் வைத்துக்கொள்ளும், சர்ச் இடத்தை மட்டும் கொடுக்கும், அதற்கென்று தனி ஒப்பந்தம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியாது. பொருளாளருக்குத் தெரியும்: வங்கிக் கணக்கு, கூடாரம், ட்ரெய்லர் எல்லாம் யார் பெயரில் என்று மறுபடி எழுத வேண்டும். சிலர் உள்ளூர் சங்கம் ஒன்றைப் பிடித்து அதன் பெயருக்குச் சார்ட்டரை மாற்றிக்கொள்வதும் உண்டு.

ஊர்ச் சேவை என்று சொல்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஒவ்வொரு படிநிலைக்கும் சேவை நேரம் உண்டு. டெண்டர்ஃபுட்டுக்கு ஒரு மணி நேரம், செகண்ட் கிளாசுக்கு இரண்டு, ஃபர்ஸ்ட் கிளாசுக்கு மூன்று, ஸ்டாருக்கு ஆறு, லைஃபுக்கு இன்னும் ஆறு. கணக்குப் பார்த்தால் ரொம்பக் குறைவு. ஒழுங்கான ட்ரூப்பில் ஒரு பிள்ளை ஒரே வருஷத்தில் அதைத் தாண்டிவிடும்.

பெரிய நிகழ்ச்சி, ஸ்கவுட்டிங் ஃபார் ஃபுட். 1985-ல் செயின்ட் லூயிஸில் தொடங்கி 1988-ல் நாடு முழுக்கப் பரவியது. பல ஊர்களில் நவம்பரில் நடக்கும். ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் தெருத் தெருவாகப் போய்க் கதவில் சீட்டுத் தொங்கவிடுவார்கள், அடுத்த சனிக்கிழமை வாசலில் வைத்திருக்கும் டப்பா உணவுகளைச் சேகரிப்பார்கள். எல்லாம் சர்ச் ஹாலுக்கு வரும். மேசைகளில் பீன்ஸ், டுனா, சூப், பாஸ்தா என்று பிரித்து, காலாவதித் தேதி பார்த்து, பெட்டியில் கட்டி உணவு வங்கிக்கு அனுப்புவோம். 2011-ல் காலாவதியான பூசணி டப்பாவை 2017-ல் வாசலில் வைத்த புண்ணியவானும் உண்டு. எங்கள் தெருத் தமிழ் வீடுகள் முதல் வருஷம் பாஸ்மதி அரிசி மூட்டை வைத்தன. உணவு வங்கிக்காரர் அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டார், தெற்காசியக் குடும்பங்கள் வந்து கேட்கிறார்கள் என்று.

மற்றபடி, மே மாதக் கடைசியில் நினைவு தினத்துக்காகப் போர் வீரர்களின் கல்லறையில் சின்னக் கொடி நடுவது, ஓடைக் கரையில் குப்பை பொறுக்குவது, சர்ச் சமையலறையில் வீடற்றவர்களுக்குச் சாப்பாடு கட்டுவது, வயதான சபையினர் வீட்டில் இலை வாருவது. கல்லறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகணுமா என்று எங்கள் வீட்டில் முதல் வருஷம் ஒரு சின்ன விவாதம் நடந்தது. போனோம். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா அவனைக் குளிக்கச் சொன்னார், அவனும் குளித்தான். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த மணி நேரங்கள் பள்ளிக்குக் கணக்காகுமா?

உங்கள் மாநிலத்தைப் பொறுத்தது. மேரிலாந்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்கச் சேவைக் கற்றல் கட்டாயம், பொதுவாக 75 மணி நேரம். மாநிலம் முழுவதற்கும் இப்படி விதித்த முதல் மாநிலம் இதுதான். சர்ச்சில் செய்ததாலேயே கணக்கில் வராமல் போகாது, வழிபாட்டுக்கு உதவுவதுதான் பொதுவாக வராது. ஆல்டர், அதாவது பலிபீட, அலங்காரம் சேராது, அதே சர்ச்சின் உணவு வங்கி சேரலாம். செய்யும் முன்பே பள்ளியில் கேட்டுவிடுங்கள், செய்த பிறகு கேட்டால் படிவம் தேடி அலைவீர்கள்.

ஈகிள் ஸ்கவுட் ப்ராஜெக்ட் பற்றிச் சொல்லுங்கள். கல்லூரிக்கு உதவுமா?

போன் எப்படியும் இங்கேதான் வந்து நிற்கும். எட்டு வயதுப் பிள்ளையின் பெற்றோரும் கேட்பார்கள்.

ஈகிள் தான் உச்சப் படிநிலை. ஒவ்வொரு துறையிலும் கற்றதற்குக் கிடைக்கும் மெரிட் பேட்ஜ் 21, ட்ரூப்பில் தலைமைப் பொறுப்பு, அப்புறம் ஒரு சேவைத் திட்டம். எல்லாவற்றையும் 18-வது பிறந்த நாளுக்குள் முடிக்க வேண்டும். பேட்ஜ்களில் சில வீட்டுக்கே நல்லவை. குடும்ப வாழ்க்கை பேட்ஜுக்கு 90 நாள் வீட்டு வேலை செய்து குறித்து வைக்க வேண்டும், எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் பொற்காலம். பண நிர்வாக பேட்ஜுக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும்.

சேவைத் திட்டம் ஒரு சர்ச்சுக்கோ கோயிலுக்கோ பள்ளிக்கோ ஊருக்கோ பயன்பட வேண்டும். ஸ்கவுட் அமைப்புக்கே பயன்படுவதாக இருக்கக் கூடாது, வெறும் பணம் திரட்டுவதாகவும் இருக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் பயனடையும் நிறுவனம், ஸ்கவுட்மாஸ்டர், கமிட்டி, கவுன்சில் என்று எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்ற விதி கிடையாது. பையன் எவ்வளவு உழைத்தான் என்பதைவிட, மற்றவர்களை எப்படி வேலை வாங்கினான், தலைமை தாங்கினான் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எனக்குத் தெரிந்த ஓர் அப்பா, பொறியாளர், மகனின் பெஞ்சுத் திட்டத்துக்குக் கம்ப்யூட்டரில் வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார். அருமையான வரைபடம். திட்டத்தைப் பார்வையிட்டவர் "உயரம் ஏன் பதினெட்டு அங்குலம்?" என்று கேட்டார். பையன் விழித்தான். திட்டம் திரும்பி வந்தது. மூன்று மாதம் கழித்து அவனே பென்சிலில் கோணல்மாணலாக வரைந்து கொண்டுவந்தான், அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

என் மகன் ஒரு உணவு வங்கியின் பின்பக்கம் காய்கறிப் பயிரிட நான்கு உயரப் பாத்திகள் கட்டினான். வேலை நாளன்று பலகை வந்தது, மண் வந்தது, பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள், திருகாணி வரவில்லை. பட்டியலில் எழுத மறந்துவிட்டான். கடை பத்து நிமிட தூரம், என் கார் சாவி என் பாக்கெட்டில். நான் நகரவில்லை. அவன் ஐந்து நிமிடம் தலையில் கை வைத்து நின்றான், பிறகு ஒரு பிள்ளையின் அம்மாவிடம் போய்க் கேட்டான், இருந்த பிள்ளைகளை மண் சல்லடைக்கு மாற்றிவிட்டான். இறுதி அறிக்கையில் அந்தத் திருகாணிதான் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நேர்காணலில் அதைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்களாம்.

கல்லூரிக்கு உதவுமா? விண்ணப்பத்தில் எழுத ஒரு நல்ல கதை கிடைக்கும். அதற்காகவே பிள்ளையை ஏழு வருஷம் இழுத்துப் போனால் பதினைந்து வயதில் நிறுத்திவிடும், நிறையப் பார்த்துவிட்டேன்.

சைவம் சாப்பிடுகிறோம். கேம்ப்பில் என்ன செய்வான்?

முதல் கேம்ப்பில் என் மகன் மூன்று வேளையும் பீநட் பட்டர் சாண்ட்விச் சாப்பிட்டான். யார் குற்றமும் இல்லை, மெனு போட்ட கூட்டத்தில் அவன் வாயே திறக்கவில்லை.

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு பேட்ரோல். என்ன சமைப்பது என்று அவர்களே பேசி, பட்ஜெட் போட்டு, கடைக்குப் போய் வாங்கிச் சமைப்பார்கள். ஒவ்வாமையும் மத வழக்கமும் பார்த்துத்தான் மெனு போட வேண்டும் என்பதும் அவர்கள் கற்கும் பாடம். ஆனால் சொன்னால்தானே தெரியும்? இரண்டாம் வருஷம் டாக்கோவில் இவனுக்கு பீன்ஸ் வந்தது. நான்காம் வருஷம் டச்சு ஓவன் என்கிற கனத்த இரும்புச் சட்டியில் பேட்ரோலே சேர்ந்து வெஜிடபிள் பிரியாணி வைத்தார்கள். பாதி அடி பிடித்தது. அடி பிடித்ததற்குத்தான் சண்டை நடந்ததாம்.

ஒரு வேண்டுகோள்: புளியோதரை டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள். காரில் போகும் வழிக்கு வேண்டுமானால் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் சேரலாமா? கேர்ள் ஸ்கவுட்டும் இதுவும் ஒன்றா?

சேரலாம். சிறு பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட்டில் 2018 முதலும், பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ட்ரூப்பில் 2019 பிப்ரவரி முதலும் பெண்கள் இருக்கிறார்கள். ஈகிள் ஆகலாம், ஆகியிருக்கிறார்கள்.

கேர்ள் ஸ்கவுட்ஸ் முற்றிலும் வேறு அமைப்பு. ஜூலியட் கார்டன் லோ 1912-ல் ஜார்ஜியாவின் சவானாவில் தொடங்கியது, குக்கீ விற்பவர்கள் அவர்கள்தான். அவர்களும் சர்ச் ஹாலில் கூடுவதுண்டு, ஆனால் சார்ட்டர் முறை இல்லை, சர்ச்சுக்கு அதில் சொந்தம் எதுவும் இல்லை. அங்கே ஈகிளுக்கு இணையானது கோல்ட் அவார்ட்.

செலவு எவ்வளவு?

பதிவுக் கட்டணம் அடிக்கடி மாறுகிறது, உள்ளூரில் கேளுங்கள். அதைவிட சீருடை, தூங்கும் பை, பூட்ஸ், கோடைக்கால முகாம் ஆகியவைதான் அதிகம் இழுக்கும். முதல் வருஷம் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். எங்கள் ஸ்டோர் ரூமில் வளர்ந்த பிள்ளைகள் விட்டுப்போன சட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, பெரும்பாலான ட்ரூப்பிலும் இருக்கும். பாப்கார்ன் விற்றுக் கட்டணத்தை ஈடுகட்டும் வழியும் உண்டு. அந்தப் பாப்கார்ன் விலையைப் பார்த்து அதிர்ச்சி அடையாத தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சர்ச்சின் சொந்த இளைஞர் குழுவும் சேவை செய்கிறதே, அது வேறா?

வேறுதான். இளைஞர் குழு சபையின் பிள்ளைகளுக்கானது, பைபிள் படிப்பும் சேவையும் கலந்திருக்கும். அவர்கள் செய்யும் வேலை சில நேரம் ஸ்கவுட்டைவிடக் கனமானது. அப்பலாச்சியா சர்வீஸ் ப்ராஜெக்ட் என்று ஒன்று, 1969-ல் கிளென் எவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் தொடங்கியது. கோடையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மலைப்பகுதி ஏழை வீடுகளுக்குப் போய் ஒரு வாரம் தங்கிக் கூரையும் தரையும் பழுது பார்ப்பார்கள். போகும் பிள்ளைதான் கட்டணம் கட்ட வேண்டும், அதைக் கேட்டு "வேலையும் செஞ்சு காசும் குடுக்கணுமா?" என்று என் அண்ணன் இன்னும் ஆச்சரியப்படுகிறார். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஞாயிறன்று சர்ச் வாசலில் சூப் பானையை நீட்டிச் சில்லறை சேர்ப்பதும் ஓர் இளைஞர் குழுவின் யோசனைதான், 1990-ல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் தொடங்கியது.

ஸ்கவுட் வழியாகப் பழகிய நண்பனோடு உங்கள் பிள்ளையும் வர அழைப்பு வரலாம். போனால் மாலையில் ஜெபமும் பாட்டும் இருக்கும். வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஸ்கவுட் விதி இங்கே பொருந்தாது. அதைப் பிள்ளையிடம் முன்பே பேசிவிட்டு அனுப்புவதோ அனுப்பாமல் இருப்பதோ உங்கள் விருப்பம். என் மகன் ஒரு முறை போனான், கையில் ஆணி அடித்த காயத்தோடும் இரண்டு புதுப் பாட்டோடும் வந்தான்.

முதல் நாள் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சுவரில் தொங்கும் சிலுவையை எல்லோரும் கவனிப்பார்கள். அதை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்.

முன்னால் நின்று பேசுவது யார்? பதினாறு வயதுப் பிள்ளை சொதப்பிச் சொதப்பி நடத்த, பெரியவர்கள் பின் சுவரோரம் காபியோடு நின்றால் நல்ல ட்ரூப். ஸ்கவுட்மாஸ்டரே ஒரு மணி நேரம் பேசினால் யோசியுங்கள்.

கழிவறைப் பக்கம், ஸ்டோர் ரூம் பக்கம் பிள்ளைகள் போகும்போது யார் கூடப் போகிறார்கள்?

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், பத்து நிமிடம் நில்லுங்கள். நாற்காலிகளை அடுக்குவது யார் என்று பாருங்கள். எங்கள் ஹாலில் மறுநாள் காலை முதியோருக்கான உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். தரையில் ஒரு பாப்கார்ன் கிடந்தாலும் சர்ச் அலுவலகத்திலிருந்து எனக்குத்தான் போன் வரும். ஆறு வருஷத்தில் இரண்டு முறை வந்தது, இரண்டுமே பெற்றோர் கூட்டம் நடந்த இரவுகள்.